முத்தும் ஒட்டுத்துணியும்: லாரி வாலின் விசுவாசமும் கட்டற்ற மென்பொருளும்

1987ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள், லாரி வால் என்னும் அமெரிக்க நிரலர் தாம் உருவாக்கிய ஒரு நிரல்மொழியை அதன் மூலநிரலோடு வெளியிட்டார். அம்மொழியின் பெயர் பெர்ல். விலை ஏதும் இல்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், படிக்கலாம், திருத்தலாம். அடுத்த பத்தாண்டுகளில் இணையம் பொதுமக்களை வந்தடைந்தபோது, படிவத்தை நிரப்பி அனுப்பினால் விடை தரும் வலைத்தளங்கள் பலவும் இம்மொழியில்தான் எழுதப்பட்டன. மனித மரபணுத்தொகுதித் திட்டத்தில் வெவ்வேறு ஆய்வகங்கள் ஒன்றுக்கொன்று ஒவ்வாத வடிவங்களில் திரட்டிய தரவுகளை இணைக்கவும் இதுவே கைகொடுத்தது. பெர்ல் அத்திட்டத்தை எவ்வாறு காப்பாற்றியது என்பதையே தலைப்பாக வைத்து லிங்கன் ஸ்டீன் 1996இல் ஒரு கட்டுரை எழுதினார்.

பெர்ல் என்ற பெயருக்குப் பின்னால் விவிலியம் இருக்கிறது. மத்தேயு நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் ஒரு வணிகன் வருகிறான். விலையுயர்ந்த முத்து ஒன்றைக் கண்டதும், தனக்கிருந்த அனைத்தையும் விற்று அதை வாங்குகிறான். வால் தேடிய பெயர் சுருக்கமாகவும் நற்பொருள் தருவதாகவும் இருக்க வேண்டியிருந்தது. மனைவி குளோரியாவின் பெயரைக்கூட அவர் எண்ணிப் பார்த்தார். இறுதியில் அந்த முத்தின் ஆங்கிலப் பெயரையே சூட்டினார். அதே பெயரில் வேறொரு நிரல்மொழி ஏற்கெனவே இருப்பது தெரியவந்ததும் நடுவிலிருந்த ஓர் எழுத்தைக் கைவிட்டார்.

பெர்லின் வரலாற்றைச் சொல்வோர் பலர் இச்செய்தியை ஒரு சுவையான துணுக்காகக் கூறிவிட்டு நகர்ந்துவிடுகின்றனர். ஒரு நிரலரின் கிறிஸ்தவ விசுவாசம் அவருடைய மென்பொருளில் இட்ட தடம் இரண்டு மூன்று பெயர்கள் மட்டுமே என்பது பரவலான எண்ணம். உண்மையில் பெயர்கள் மேற்பரப்பே. அவற்றின் அடியில், நிறைவேறாமற்போன ஓர் அழைப்பு இருக்கிறது. வால் கணினி நிறுவனத்திற்குச் செல்ல எண்ணியவர் அல்லர். எழுத்தில்லாத ஒரு மொழியைத் தேடிச் சென்று, அம்மக்களிடையே வாழ்ந்து, விவிலியத்தை அவர்கள் பேச்சில் பெயர்க்க விரும்பியவர்.

போக முடியாத பயணம்

லாரி வால் 1954இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் பிறந்தவர். கிறிஸ்தவக் கல்வி நிறுவனமான சியாட்டில் பசிபிக் பல்கலைக்கழகத்தில் முதலில் வேதியியலும் இசையும் படித்தார். பிறகு மருத்துவப் படிப்புக்கான முன்பாடங்களுக்கு மாறினார். இடையில் அங்கிருந்த கணினி மையத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தார். முடிவில் அவர் பெற்ற பட்டத்தின் பாடத்துறைக்கு ‘இயற்கை மொழிகளும் செயற்கை மொழிகளும்’ என்று பெயர். மனிதர் பேசும் மொழியும் பொறிக்குக் கட்டளையிடும் மொழியும் ஒரே பட்டத்தில் அடுத்தடுத்து அமைந்தன. அவருடைய பிற்கால வாழ்க்கையை அப்பட்டமே முன்னுரைத்துவிட்டது எனலாம்.

பின்னர் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அவரும் குளோரியாவும் மொழியியல் பயின்றனர். ஆப்பிரிக்காவில், எழுத்து வடிவம் பெறாத ஒரு மொழியைக் கண்டடைந்து, அதற்கு எழுத்துமுறை அமைத்து, விவிலியம் உள்ளிட்ட நூல்களை அதில் மொழிபெயர்ப்பதே இருவரின் நோக்கம்.

இப்பணியின் தன்மையைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. 1706இல் தரங்கம்பாடியில் கரையிறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைப் பெயர்த்து, 1715இல் அச்சில் முடித்த வரலாறு நன்கறியப்பட்டதே. ஆனால் சீகன்பால்குவுக்கு வாய்த்த மொழி இலக்கணமும் இலக்கியமும் நிறைந்தது. கற்பிக்க ஆசிரியர்களும் இருந்தனர். எழுத்தில்லாத மொழிக்குச் செல்பவருக்கு இவற்றில் எதுவும் கிடையாது. ஒலிகளைக் காதால் கேட்டுப் பிரிக்க வேண்டும். எந்த ஒலிவேறுபாடு பொருளை மாற்றுகிறது, எது மாற்றுவதில்லை என்று அறிய வேண்டும். அதன்பின்பே எழுத்து, அதன்பின்பே இலக்கணம், கடைசியாக மொழிபெயர்ப்பு. இத்தொழிலின் முதல் ஒழுக்கம் பணிவு. பேசுவோரைத் திருத்துவது மொழிபெயர்ப்பாளரின் வேலை அன்று. அவர்கள் எப்படிப் பேசுகிறார்களோ அப்படியே கேட்டுப் பதிவதே அவர் வேலை.

அப்பயணம் நிகழவில்லை. உடல்நலக் காரணங்களால் தம்பதியர் திட்டத்தைக் கைவிட்டு அமெரிக்காவிலேயே தங்கினர். மொழியியல் மாணவர் கணினித் தொழிலுக்குத் திரும்பினார். நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்திலும், பின்னாளில் யூனிசிஸ் ஆன நிறுவனத்திலும் பணிபுரிந்தார்.

ஒட்டுப்போடும் கருவி

1985இல் வால் ‘பேட்ச்’ என்ற சிறு நிரலை வெளியிட்டார். ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குக் கிழிந்த துணியில் வைத்துத் தைக்கும் ஒட்டு என்று பொருள். அக்காலத்தில் ஒரு மென்பொருளில் பிழை கண்டவர் அதைத் திருத்தி மற்றவர்க்கு அனுப்புவது பெரும்பாடு. முழுநிரலையும் அனுப்பினால் மெதுவான இணைப்புகள் தாங்கா. திருத்திய வரிகளை மட்டும் அனுப்பினால், பெறுபவர் அவற்றைக் கையால் உரிய இடங்களில் சேர்க்க வேண்டும். பேட்ச் அவ்வேலையைத் தானே செய்தது. பழைய நிரலுக்கும் புதிய நிரலுக்கும் உள்ள வேறுபாட்டுப் பட்டியலைப் படித்து, அவ்வரிகளை உரிய இடத்தில் தைத்தது. பெறுபவரின் நிரலில் வரிகள் சற்று முன்பின்னாக நகர்ந்திருந்தாலும், சுற்றியுள்ள வரிகளை அடையாளம் கண்டு சரியான இடத்தைத் தேடிப் பிடித்தது.

இக்கருவியின் விளைவு பெரிது. ஒருவரையொருவர் நேரில் காணாத நூற்றுக்கணக்கானோர் ஒரே நிரலைக் கூட்டாகச் செப்பனிட முடியும் என்ற நிலை அதனால் இயல்பாயிற்று. லினக்ஸ் கருவகம் தன் தொடக்க ஆண்டுகளில் வளர்ந்ததும் இத்தகைய ஒட்டுகள் மின்னஞ்சலில் பயணித்ததால்தான்.

பெர்ல் பிறந்த இடம் இதற்கு நேர்மாறானது. அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமைக்கான கமுக்கத் திட்டம் ஒன்று நாட்டின் மேற்குக் கரையிலும் கிழக்குக் கரையிலுமாக நடந்துகொண்டிருந்தது. இரு கரைகளிலும் குவிந்த கோப்புகளிலிருந்து அறிக்கைகளைத் தொகுக்கும் பொறுப்பு வாலுக்கு வந்தது. இருந்த கருவிகள் போதவில்லை. அந்த ஒரு வேலைக்கு மட்டும் ஒரு நிரல் எழுதி முடித்திருக்கலாம். அவர் ஒரு மொழியையே உருவாக்கினார். உருவாக்கியதை உலகுக்குக் கொடுத்தார். மறைவுக்காகவே அமைந்த திட்டமொன்றின் அருகில், எவரும் திறந்து பார்க்கத்தக்க ஒரு மொழி தோன்றியது.

பேச்சைப் போன்ற மொழி

நிரல்மொழி வடிவமைப்பாளர் பலர் கணிதத்தை முன்மாதிரியாகக் கொண்டனர்: ஒரு செயலுக்கு ஒரே வழி, விதிவிலக்கில்லாத ஒழுங்கு. வால் மனிதப் பேச்சை முன்மாதிரியாகக் கொண்டார். ஒன்றைச் செய்ய ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு என்பது பெர்லின் முழக்கமாயிற்று.

பெர்லில் ஒருமைப் பொருளுக்கு ஒரு முன்குறி, பன்மைத் தொகுப்புக்கு வேறொரு முன்குறி. ஒரே தொடர் ஒருமைச் சூழலில் ஒரு விடையும் பன்மைச் சூழலில் வேறு விடையும் தரும். பேசப்படும் பொருள் எது என்பது வெளிப்படையாக இருந்தால் அதைச் சொல்லாமலே விடலாம். “சாப்பிட்டாயா?” என்று கேட்டால் “சாப்பிட்டேன்” என்பது போதும், யார், எதை என்று தமிழர் எவரும் கேட்பதில்லை. பெர்லும் அவ்வாறே, சொல்லாமல் விட்ட பொருளைத் தானே உணர்ந்துகொள்ளும். குழந்தை சில சொற்களை வைத்துக்கொண்டே பேசத் தொடங்குவதுபோல, கற்றுக்குட்டியும் மொழியின் சிறுபகுதியை மட்டும் கொண்டு பயன்தரும் நிரலை எழுதலாம். அதற்காக அவரை யாரும் இகழக் கூடாது என்பது பெர்ல் உலகத்தின் மரபு.

இதற்கு விலையும் உண்டு. வழிகள் பலவாக இருந்தமையால், ஒருவர் எழுதிய பெர்ல் நிரல் இன்னொருவருக்குப் புதிராகத் தோன்றியது. அக்குற்றச்சாட்டில் உண்மை இருந்தது. பின்னாளில் பலர் பைத்தான் மொழிக்குப் பெயர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆயினும் அக்குறையின் வேரும் மொழிபெயர்ப்பாளரின் ஒழுக்கத்தில்தான் இருக்கிறது. பேசுவோரைத் திருத்தாதே என்பவர் அவர்களது குழறலையும் ஏற்றுக்கொள்ளவே வேண்டும்.

1994இல் வெளிவந்த பெர்ல் 5இல், சாதாரணத் தரவு ஒன்றை ஒரு வகுப்பின் உறுப்பாக்கும் கட்டளைக்கு ‘ஆசீர்வதி’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லையே அவர் பெயராக வைத்தார். அக்கட்டளை தரவின் உள்ளடக்கத்தைத் தொடுவதில்லை. இது இன்னதைச் சேர்ந்தது என்ற உறவை மட்டும் அதன்மேல் வைக்கிறது. சோம்பல், பொறுமையின்மை, செருக்கு ஆகிய மூன்றும் நிரலரின் நற்பண்புகள் என்று அவர் எழுதிய வேடிக்கையும் புகழ்பெற்றது. அவற்றுள் சோம்பலும் செருக்கும் திருச்சபை மரபு எண்ணும் ஏழு தலையான பாவங்களில் அடங்குவன. அப்பட்டியலை நன்கறிந்த ஒருவரால்தான் அதை இவ்வாறு தலைகீழாக்கிச் சிரிக்க முடியும்.

கொடையும் பெயரும்

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தந்தை எனப்படும் ரிச்சர்ட் ஸ்டால்மன் இறைமறுப்பாளர். அவருக்கு மென்பொருள் விடுதலை ஓர் அறநீதிக் கோட்பாடு. ஆகவே விசுவாசம்தான் கட்டற்ற மென்பொருளைத் தோற்றுவித்தது என்று எவரும் சொல்ல இயலாது. ஒரே ஊருக்கு இருவரும் வெவ்வேறு வழிகளில் வந்தனர் என்பதே சரி. வழிகளின் வேறுபாடு அவர்கள் எழுதிய உரிமங்களில் தெரிகிறது.

ஸ்டால்மனின் குனூ பொது உரிமம், பெற்றதைத் திருத்திப் பிறருக்கு வழங்குபவர் அதே விடுதலையோடுதான் வழங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. வால் 1989இல் பெர்ல் 3ஐ அவ்வுரிமத்தில்தான் வெளியிட்டார். ஆனால் நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் அதைக் கண்டு தயங்கினர். பெர்ல் 4 வெளிவந்த 1991இல், ‘ஆர்ட்டிஸ்டிக் உரிமம்’ என்ற இன்னொன்றும் வாலின் கையால் எழுதப்பட்டு உடன் நின்றது. இரண்டில் எது பிடிக்கிறதோ அதைத் தேர்ந்துகொள்ளலாம். இவ்வுரிமத்தின் கவலை வேறு. திருத்துபவர் தம் மாற்றங்களைப் பொதுவில் வைக்கலாம். அல்லது திருத்திய வடிவத்திற்கு வேறு பெயர் இட்டு, மூலத்தோடு குழம்பாதபடி செய்யலாம். பொருளைக் கொடுத்துவிட்டு, பெயரை மட்டும் காத்துக்கொள்ளும் உரிமம் அது.

அதன் சொற்கள் தெளிவற்றவை என்று ஸ்டால்மனின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை குறை கூறியது. அதே அறக்கட்டளை, 1998இல் தான் தொடங்கிய ஆண்டு விருதின் முதல் பெறுநராக லாரி வாலையே தேர்ந்தெடுத்தது. அதற்கு முந்திய ஆண்டு டெபியன் குழு, கட்டற்ற மென்பொருள் எது என வரையறுக்கும் வழிகாட்டுதல்களை வெளியிட்டபோது, எடுத்துக்காட்டாகப் பெயர் சொன்ன மூன்று உரிமங்களுள் ஆர்ட்டிஸ்டிக் உரிமமும் ஒன்று. திறமூலத்தின் வரையறை அவ்வழிகாட்டுதல்களிலிருந்தே பிறந்தது.

இவ்வுரிமத்தின் பெருஞ்சோதனை எதிர்பாராத இடத்தில் வந்தது. பொம்மை ரயில்களை இயக்கும் திறமூல மென்பொருள் ஒன்று இவ்வுரிமத்தின்கீழ் இருந்தது. அதன் கோப்புகளை எடுத்தாண்ட எதிர்த்தரப்பு, உரியவர் பெயர்களையும் உரிமக் குறிப்புகளையும் விட்டுவிட்டது என்பது வழக்கு. இலவசமாகக் கொடுத்த பொருளின் நிபந்தனையை மீறினால் பதிப்புரிமை மீறல் ஆகுமா என்பதே கேள்வி. கீழ்நீதிமன்றம் ஆகாது என்று கருதியது. ஜேக்கப்சன் எதிர் காட்சர் என்னும் அவ்வழக்கில், 2008 ஆகஸ்ட் 13 அன்று அமெரிக்கக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அம்முடிவை மாற்றியது. காசு வாங்கவில்லை என்பதால் கொடுத்தவரின் நிபந்தனை வெற்றுரை ஆகிவிடாது என்பது தீர்ப்பின் சாரம். உலகெங்கும் இலவசமாக நிரல் எழுதிக் கொடுப்போர் அனைவருக்கும் அத்தீர்ப்பு அரணாயிற்று.

வால் தம் விசுவாசத்தை ஒளித்தவர் அல்லர். 1997 ஆகஸ்டில் நடந்த முதல் பெர்ல் மாநாட்டு மேடையிலேயே அதை வெளிப்படையாகக் கூறினார். 2000ஆம் ஆண்டு இன்னொரு பெர்ல் மாநாட்டில் ஜான் பனியனின் ‘மோட்சப் பிரயாணம்’ பற்றிப் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தோரில் பல சமயத்தாரும் சமயமே அற்றவரும் இருந்தனர். மொழியைப் பயன்படுத்த அந்நம்பிக்கை நிபந்தனையாக இல்லை. முத்தின் கதையை அறியாமலே முத்தை எடுத்துச் செல்ல எவருக்கும் உரிமை இருந்தது.

அவ்வழியில் போனவர்கள்

வால் செல்ல விரும்பிய பாதையில் சென்றவர்களும் பின்னாளில் அதே ஊரை வந்தடைந்தனர். 1934இல் கேமரூன் டவுன்சென்ட் அமெரிக்காவின் ஆர்கன்சாவில் தொடங்கிய கோடை மொழியியல் பயிலரங்கு, எஸ்ஐஎல் என்னும் நிறுவனமாக வளர்ந்தது. சிறு மொழிகளை ஆய்வதும் விவிலிய மொழிபெயர்ப்புக்கு மொழியியலாளரைப் பயிற்றுவதும் அதன் பணி. எழுத்தில்லாத மொழிக்கு எழுத்து அமைத்தால் மட்டும் போதவில்லை. கணினிக் காலத்தில் எழுத்துருவும் வேண்டியிருந்தது. அதைச் செய்து கொடுத்தாலும், உரிமம் தடுத்தால் அம்மக்களே அதைத் திருத்திக்கொள்ள முடியாது. அத்தேவையிலிருந்து விக்டர் கால்ட்னி, நிக்கோலா ஸ்பாலிங்கர் ஆகியோர் உருவாக்கிய திறந்த எழுத்துரு உரிமம் 2005இல் வெளிவந்தது. எழுத்துருவை எவரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பரப்பலாம். தனியாக அதை மட்டும் விற்கக் கூடாது. உரியவர் ஒதுக்கிவைத்த பெயரைத் திருத்திய வடிவத்திற்கு இடக் கூடாது. ஆர்ட்டிஸ்டிக் உரிமத்தின் அதே கவலை இங்கும் ஒலிக்கிறது: பொருள் பொது, பெயர் காப்பு.

எழுத்தற்ற மொழிகளை மனத்தில் வைத்து எழுந்த அவ்வுரிமம், ஈராயிரம் ஆண்டு எழுத்து மரபுள்ள தமிழுக்கும் பயன்பட்டது. நோட்டோ தமிழ், லோஹித் தமிழ், மீரா இனிமை, கட்டமரான் முதலிய எழுத்துருக்கள் இன்று அவ்வுரிமத்தின்கீழ்தான் கிடைக்கின்றன. வலையில் தமிழ் படிப்போர் பலரின் கண்முன் தோன்றும் எழுத்துகள் அவ்வாறு வந்தவை.

கோடித்துணி

2000ஆம் ஆண்டில் பெர்லை அடியோடு புதுப்பிக்க முடிவாயிற்று. பயனர்களிடமிருந்து 361 முன்மொழிவுகள் வந்தன. அவற்றை ஆராய்ந்து வால் 2001 முதல் எழுதிய வடிவமைப்பு ஆவணங்களுக்கு, விவிலியத்தின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தின் கிரேக்கப் பெயரையே இட்டார். உலக அழிவு என்று இன்று பொருள்கொள்ளப்படும் அச்சொல்லின் மூலப்பொருள் திரைவிலக்கல் என்பதே. அவற்றுக்கு டேமியன் கான்வே எழுதிய விளக்கங்கள், வேத விளக்கவுரையைக் குறிக்கும் சொல்லால் அழைக்கப்பட்டன.

புதிய மொழி கிறிஸ்துமஸ் அன்று வரும், எந்தக் கிறிஸ்துமஸ் என்பது மட்டும் தெரியாது என்பது நெடுநாள் நகைச்சுவை. 2015 கிறிஸ்துமஸ் அன்றுதான் அது வந்தது. அதற்குள் பதினைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. பெர்ல் 6 என்ற பெயர் இருதரப்பாருக்கும் சுமையாயிற்று. பழைய பெர்லை நம்பித் தொழில் நடத்தியோரின் மொழி, வாரிசு வந்துவிட்ட கிழமொழியாகப் பார்க்கப்பட்டது. புதிய மொழியோ, வேறுபட்ட இயல்புடையதாக இருந்தும் பழையதன் அடுத்த பதிப்பாகவே எடைபோடப்பட்டது. 2019இல் புதியதற்கு ‘ராக்கு’ என்று பெயர் மாற்றும் முன்மொழிவு எழுந்தது. பெயர்காப்பையே உரிமத்தின் நடுப்பொருளாக வைத்த மனிதரிடம், அவர் சூட்டிய பெயரை அவருடைய இளைய மொழியிலிருந்து நீக்க ஒப்புதல் கேட்கப்பட்டது.

அவ்வாண்டு அக்டோபரில் வால் ஒப்புதல் அளித்தார். காரணமாக அவர் சுட்டியது நற்செய்தியில் வரும் உவமையை. பழைய ஆடையின் கிழிசலுக்குக் கோடித்துணியை ஒட்டாக வைத்துத் தைத்தால், அது சுருங்கிப் பழையதையும் இழுத்துக் கிழிக்கும். புதிய திராட்சைரசத்திற்குப் புதிய தோற்பையே ஏற்றது. ஒட்டுப்போடும் கருவியை 34 ஆண்டுகளுக்கு முன் உலகுக்குக் கொடுத்தவர், ஒட்டுப்போடக் கூடாத இடம் எது என்பதையும் தம் வேதத்திலிருந்தே எடுத்துச் சொன்னார்.

திருத்தியது மூலத்திலிருந்து வெகுதூரம் விலகினால் வேறு பெயர் பெற வேண்டும் என்பது அவர் 1991இல் பிறருக்கு எழுதிய நிபந்தனை. 2019இல் அதற்கு அவரே கட்டுப்பட்டார். ஆப்பிரிக்காவின் ஏதோ ஒரு மொழிக்குப் போய்ச் சேர வேண்டிய உழைப்பு நிரலர்களின் கைக்குப் போனது. மொழி என்பது அதை உருவாக்கியவருக்கு அன்று, பேசுவோருக்கே உரியது என்ற மொழிபெயர்ப்பாளரின் பாடம் மட்டும் இடம் மாறவில்லை. பெர்லின் நிரல்களைவிட அப்பாடத்தில்தான் அவருடைய விசுவாசத்தைத் தேட வேண்டும்.